இரண்டாம் முழுக்கு

ஆங்கிள் கம்பி வளைந்திருக்கிறது என்று ஆமை சத்தம் போட்ட அன்றைக்குப் பட்டறையில் அரை மணி நேரம் ஒருவரும் வேலை பார்க்கவில்லை.

"இதப் பாருங்கய்யா, நடுவுல குழிஞ்சு கெடக்கு. இதை முக்கி அனுப்பினா கடைசியில நம்ம தலையிலதான் கட்டுவாங்க. எடுத்து ஓரமா போடு."

கொக்கி குனிந்து பார்த்தார். இரும்புத் துண்டுகளைக் கொக்கியில் மாட்டித் தொட்டிக்கு மேலே கொண்டுவந்து நிறுத்துவது அவர் வேலை. அதனால் அந்தப் பெயர். ஆமையும் அவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"எங்கப்பா வளைஞ்சிருக்கு? நேராத்தானே இருக்கு."

"உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

கொக்கி நூல் உருண்டையை எடுத்து வந்தார். ஆங்கிளின் ஒரு முனையில் நூலைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை இன்னொருவரிடம் கொடுத்து இழுக்கச் சொன்னார். நூல் இரும்போடு ஒட்டிக் கிடந்தது. எங்கேயும் இடைவெளி இல்லை.

"இப்ப நூலும் வளைஞ்சிருக்குன்னு சொல்லு, பாப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆமையும் சிரித்துவைத்தார். அவர் கண்ணுக்கு நூலும் வளைந்துதான் இருந்தது. சிரிப்பு அடங்கியதும் ஓரமாகப் போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். இடது கண்ணால் பார்த்தால் ஆங்கிள் நேராக இருந்தது. வலது கண்ணால் பார்த்தால் நடுவில் யாரோ முழங்கால் வைத்து அமுக்கியதுபோல் இருந்தது.

அந்தப் பட்டறையில் இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு ஏற்றுகிறார்கள். அங்கே யாரும் துத்தநாகம் என்று சொல்வதில்லை, ஜிங்க் என்றுதான் சொல்வார்கள். இரும்பை அமிலத்தில் கழுவி, உப்புக் கரைசலில் நனைத்து, உருகிக் கொதிக்கும் ஜிங்க் தொட்டியில் இறக்கி எடுக்க வேண்டும். எடுக்கிற வேகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. வெடுக்கென்று இழுத்தால் பூச்சு திட்டுத் திட்டாகத் தொங்கும். நிதானமாக இழுத்தால் பால்போல் வழிந்து சமமாக நிற்கும். அவரைப்போல் நிதானமாக இழுக்க அங்கே ஆள் கிடையாது. ஆமை என்ற பெயர் அப்படி வந்தது. கேலியாக வைத்த பெயர்தான். பத்து வருடத்தில் அதுவே மரியாதையாகிவிட்டது.

சில துண்டுகளில் எங்கேயாவது எண்ணெயோ அழுக்கோ ஒட்டியிருக்கும். அந்த இடத்தில் ஜிங்க் பிடிக்காது. கறுப்பாக ஒரு திட்டு நிற்கும். அதற்குச் சொட்டை என்று பெயர். சொட்டை விழுந்த துண்டை மறுபடியும் கழுவி மறுபடியும் தொட்டியில் இறக்குவார்கள். அது இரண்டாம் முழுக்கு. இரண்டாம் முழுக்கிலும் மூடாத சொட்டையை ஆமை தன் முப்பத்தைந்து வருடத்தில் பார்த்ததில்லை.

அவர் மனைவியும் அதே பட்டறையில் இருந்தவர்தான். துண்டுகளைக் கம்பியில் கோக்கும் பகுதியில் வேலை. பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. ஆனால் கம்பி கோக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இரும்பைத் தட்டும் இடம். அந்த இரைச்சலில் எல்லோருமே செவிடுதான், எல்லோரும் கையால்தான் பேசியாக வேண்டும். மற்றவர்கள் 'வா', 'போ', 'மேலே தூக்கு' என்று நாலைந்து சைகையோடு தடுமாறும்போது, அவர் ஒருவர் மட்டும் அங்கே சரளமாகப் பேசினார். மேஸ்திரி நடந்துபோகும் அழகை அவர் இரண்டு விரலால் நடத்திக் காட்டியபோது இவர் தொட்டிப் பக்கம் நின்று வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் கல்யாணம் முடிவானது என்று கொக்கி இன்றைக்கும் சொல்வார்.

கல்யாணத்துக்குப் பிறகு ஆமை அந்தக் கைப்பேச்சை முழுவதுமாகக் கற்றுக்கொண்டார். அதில் நீ, நீங்கள் என்ற வித்தியாசம் கிடையாது. விரலை நீட்டினால் போதும். கை பாதிதான் சொல்லும், மீதியை முகம் சொல்லும். கோபமா விளையாட்டா, கேள்வியா குத்தலா என்பதெல்லாம் புருவத்திலும் உதட்டிலும் இருக்கும். அக்கம்பக்கத்தில் யாருக்கும் அது தெரியாது. அவர் மனைவிக்கு ஊர் உலகத்தில் பேச்சுத் துணை என்று இருந்தது இரண்டே பேர். ஒன்று கணவர். இன்னொன்று மகள். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

கண் டாக்டர் ஒரு பெண். கருவியின் முன்னால் தாடையை வைக்கச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டால் நல்ல சேதி இல்லை என்று ஆமைக்குத் தோன்றியது.

"கண்ணுக்குப் பின்னாடி ஒரு மெல்லிசான திரை இருக்குங்க. அதோட நடுப்பகுதியாலதான் எழுத்துப் படிக்கிறோம், முகம் பாக்குறோம். வயசாக ஆக அதுக்குக் கீழ மஞ்சளா அழுக்குப் படியும். சிலருக்கு அது ரொம்பப் படிஞ்சு, மேல இருக்கிற திரை தேஞ்சு போயிடும். உங்களுக்கு வலது கண்ணுல நல்லாவே தேஞ்சிருக்கு. இடதுல ஆரம்பிச்சிருக்கு."

"கண்ணாடி மாத்தினா?"

"கண்ணாடிக்கு அடங்காதுங்க."

"ஆபரேஷன்?"

"இந்த வகைக்கு இல்ல. முழுசாக் குருடாகிட மாட்டீங்க. ஓரமெல்லாம் தெரியும், நடந்து போகலாம் வரலாம். நடுவுலதான் மறைக்கும்."

நடுவில்தானே அவள் முகம் இருக்கும் என்று ஆமை நினைத்தார்.

டாக்டர் சீட்டில் எழுதினார். "இந்த மாத்திரை தினம் ஒண்ணு. தாதுச் சத்தும் வைட்டமினும் கலந்தது. போனதைத் திருப்பிக் கொண்டாராது. இருக்கிறதைக் கொஞ்ச காலம் தள்ளிக் காப்பாத்தலாம், அதுவும் எல்லாருக்கும் நிச்சயம்னு சொல்ல முடியாது."

"என்ன தாது?"

"முக்கியமா ஜிங்க்."

ஆமைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டருக்குக் காரணம் புரியவில்லை. "வீட்ல யார் இருக்காங்க?" என்று கேட்டார். "சம்சாரம்." "அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து தெரிஞ்சுக்கிறது நல்லது."

ஆமை தலையாட்டினார். கூட்டிப் போகவே இல்லை.

கொக்கியிடம் மட்டும் சொன்னார். கொக்கிக்குத் தாங்கவில்லை.

"முப்பத்தஞ்சு வருஷமா நீ மூக்கால உறிஞ்சின ஜிங்க் பத்தலையாமா? சீட்டை என்கிட்டக் குடு. உன்னையே கொக்கியில மாட்டித் தலைகீழா ஒரு முக்கு முக்கி எடுத்துடறேன். பேரன் காலம் வரைக்கும் துருப்பிடிக்காது."

"எடுக்கும்போது மெதுவா எடு."

"அதுக்கு ஆமை வேணுமே. ஆமை தொட்டிக்குள்ள இருக்குமே!"

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிரித்து முடித்து, கொக்கிதான் முதலில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வீட்ல சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"சொல்லலாம், சொல்லலாம். என்ன அவசரம்."

அவசரம் இல்லை என்று அவர் நினைத்ததற்குக் காரணம் இருந்தது. அவர்கள் வீடு மாடியில் இருந்தது. சமையலறை ஜன்னலில் கொசுவுக்காகக் கம்பிவலை அடித்திருந்தார்கள், சின்னச் சின்னச் சதுரங்களாக. தினமும் காலையில் மனைவி அடுப்பைப் பார்த்து நிற்கும்போது, இவர் அந்த வலையை ஒரு கண் மாற்றி ஒரு கண் மூடிப் பார்ப்பார். வலது கண்ணில் நடுச் சதுரங்கள் கசங்கிப்போய் அதற்குள் சாம்பல் நிறமாக ஒரு பொட்டு. இடது கண்ணில் எல்லாம் நேராக இருக்கும். இடது நேராக இருக்கும்வரை அவள் பேச்சு இவருக்குத் தெரியும். மாத்திரை அதைக் காப்பாற்றினால் சொல்லவேண்டிய தேவையே வராது. அப்படித்தான் கணக்குப் போட்டார்.

எட்டாவது மாதத்தில் ஒரு காலை, இடது கண்ணிலும் வலை நடுவில் லேசாக நெளிந்தது.

அன்றும் அவர் வேலைக்குப் போனார். தொட்டிக்கு முன்னால் நின்று இரும்பை இறக்கி இறக்கி எடுத்தார். மதியத்துக்குமேல் ஒரு சட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சொட்டை விழுந்திருந்தது. ஓரப்பார்வையில்தான் அது அவருக்குத் தெரிந்தது. கழுவி மறுபடி இறக்கினார். வெள்ளி மாதிரி வெளியே வந்தது.

வேலை முடிந்ததும் நேரே மருந்துக்கடைக்குப் போனார்.

"ஜிங்க் மட்டும் தனியா மாத்திரையா இருக்கா?"

"இருக்கு. யாருக்கு?"

"எனக்குத்தான். உடம்பு அசதி."

டாக்டர் கொடுத்தது ஒரு பூச்சு. அது பிடிக்கவில்லை. பிடிக்காத இடத்தில் இன்னொரு பூச்சு ஏற்ற வேண்டும், அவ்வளவுதானே. காலையில் டாக்டரின் மாத்திரையோடு இதையும் ஒன்று போட்டார். ஒரு மாதத்தில் நெளிவு குறையவில்லை என்றதும் மதியமும் ஒன்று, வேலை முடிகிறபோது ஒன்று. வீட்டில் வைத்தால் மனைவி கண்ணில் படும் என்று பட்டறைப் பெட்டியில், கையுறைக்கு அடியில் ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்தார். அடுத்த முறை போனபோது கண் டாக்டர், "மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா?" என்று கேட்டார். "ஒழுங்காப் போடறேங்க" என்றார். பொய் சொன்னதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

முதலில் தெரிந்துகொண்டது மனைவிதான். கண் விஷயத்தை அல்ல, கால் விஷயத்தை.

மாடிக்கு வெளிப்பக்கமாக இரும்புப் படிக்கட்டு. அவர் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு மனைவி மேலே நின்று கைப்பிடிக் குழாயில் கையை வைத்திருப்பார். குழாய் அதிரும். எத்தனை பேர் ஏறினாலும் எது தன் வீட்டுக்காரர் கால் என்று உள்ளங்கைக்குத் தெரியும். ஒரு நாள் ஆமை ஏறி வந்ததும் அவர் செருப்பையே பார்த்துக்கொண்டு மனைவி கையால் கேட்டார்.

"ஏன் படியை மிதிச்சு மிதிச்சு ஏறற? படிமேல என்ன கோபம்?"

"நான் எப்பவும் போலத்தான் ஏறறேன்."

"இல்ல. யானை ஏறுது."

உண்மையில் அவருக்குத் தன் பாதம் தரையில் பட்டதா இல்லையா என்பதே சரியாகத் தெரியவில்லை. பஞ்சுமேல் நடப்பதுபோல் இருந்தது. ஒரு நாள் தெருவில் பாதி தூரம் வந்த பிறகுதான் ஒரு காலில் செருப்பு இல்லை என்று பார்த்தார். வயசு, நின்றே செய்கிற வேலை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

அதற்குள் இடது கண்ணிலும் நடுவில் மங்கல் நிலைத்துவிட்டது. மனைவியின் முகத்தை நேரே பார்த்தால் முகம் இருக்கவேண்டிய இடத்தில் புகை. அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். பார்வையை அவள் தோளுக்கு அப்பால் சுவரில் நிறுத்தினால் கைகள் ஓரத்தில் தெரிந்தன. முகம் சரியாகத் தெரியாது, கை தெரியும். அதைக்கொண்டு சமாளித்தார்.

ஆனால் கையால் பேசுகிறவர்களுக்கு முகத்தைத் திருப்புவது சாதாரண விஷயம் இல்லை. எதிராளியின் வாயைப் பொத்துவதற்குச் சமம் அது. இத்தனை வருடத்தில் பெரிய சண்டைகளில்கூட அவர் அப்படிச் செய்ததில்லை. இப்போது சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாலே சுவரைப் பார்த்தார். மனைவி சில நாள் பொறுத்தார். பிறகு ஒரு மதியம், ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர், பாதியில் கையை நிறுத்தி, தட்டைத் தரையில் தட்டினார்.

"என் பேச்சு அலுத்துப் போச்சுன்னா சொல்லிடு. சுவத்துக்கிட்டயே பேசு. அதுவும் உன்னை மாதிரி சும்மா நிக்கும்."

சொல்லிவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். ஆமை அவர் முன்னால் போய் நின்று விளக்கியிருக்கலாம். எழுந்தார். பிறகு எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை வேலைக்கு இறங்கும்போது படியின் விளிம்பு காலுக்குத் தெரியவில்லை. ஏழு படி உருண்டார். மேலே நின்று குழாயில் கைவைத்திருந்த மனைவிக்கு அது உள்ளங்கையில்தான் முதலில் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கும் நெற்றிக்கும் தையல் போட்டார்கள். தையல் பெரிய விஷயம் இல்லை. பாதத்தில் ஊசி முனையால் தொட்டுத் தொட்டு, "தெரியுதா, தெரியுதா?" என்று நரம்பு டாக்டர் கேட்டபோது பாதிக்குமேல் ஆமை பதில் சொல்லவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் மிகவும் குறைந்திருந்தது. உடம்பில் தாமிரம் இருக்கவேண்டிய அளவில் கால் பங்குகூட இல்லை. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. மகள் ஊரிலிருந்து வந்து அம்மாவோடு பக்கத்தில் இருந்தாள்.

மூன்றாம் நாள் கொக்கி பார்க்க வந்தார். கையில் ஒரு துணிப்பை.

"உன் பெட்டியைக் காலி பண்ணிட்டு வந்தேன். வேற ஆளுக்குக் குடுக்கணுமாம். கையுறை, துண்டு எல்லாம் இருக்கு. இந்தா, மாத்திரை டப்பா. உனக்குத் தேவைப்படுமேன்னு முதல்ல இதத்தான் எடுத்து வச்சேன்."

மகள் டப்பாவை வாங்கித் திறந்தாள். அட்டை அட்டையாக இருந்தது. ஒன்றை எடுத்துப் படித்தாள். "அப்பா, இது என்ன?" என்று கேட்டாள். டப்பாவோடு நேரே டாக்டரைத் தேடிப் போனாள். கொக்கி, தான் செய்தது என்ன என்று விளங்காமல் பையை மடித்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை போட்டீங்க?"

"மூணு. கண்ணு மாத்திரை தனி."

"எத்தனை மாசமா?"

"ஒரு வருஷத்துக்கு மேல."

டாக்டர் டப்பாவை மூடினார். "பெரியவரே, ஜிங்க் அளவுக்கு மிஞ்சிப் போனா, சாப்பாட்டுல வர்ற தாமிரத்தை உடம்புல ஏற விடாது. தாமிரம் இல்லாம ரத்தமும் ஊறாது, நரம்பும் நிக்காது. அதனாலதான் அந்தக் கண்ணு மாத்திரையில ரெண்டையும் அளவு பாத்துச் சேத்திருக்காங்க. நீங்க தனியா போட்டது எல்லாத்தையும் கெடுத்துடுச்சு. யாரு இப்படிப் போடச் சொன்னது?"

"யாரும் சொல்லல. எங்க வேலையில, ஒரு முழுக்குல பிடிக்கலன்னா இன்னொரு முழுக்குப் போடுவோம். அதான்."

டாக்டருக்கு அது புரியவில்லை. கொக்கிக்குப் புரிந்தது. அவர் வராந்தாவுக்குப் போய்விட்டார்.

"தாமிரம் குடுப்போம்" என்றார் டாக்டர். "ரத்தம் ஏறிடும். கால் இதுக்கு மேல கெடாம நிக்கும், கொஞ்சம் தேறலாம். முழுசா வருமான்னு கேக்காதீங்க."

"கண்ணு?"

"அது அந்த டாக்டர் சொன்னதுதான்."

இதையெல்லாம் மகள் அம்மாவுக்குக் கையால் சொல்லிக்கொண்டிருந்தாள். கண் என்று வந்த இடத்தில் அவள் கை நின்றது. "அப்பா, அம்மாவுக்குக் கண் விஷயம் தெரியாதா? இதையும் நான்தான் சொல்லணுமா?"

"சொல்லிடு."

மகளின் கைகள் மறுபடி அசைந்தன. ஆமை மனைவி இருந்த பக்கம் பார்த்தார். புகைதான் தெரிந்தது. பார்வையை ஜன்னலுக்குத் தள்ளிப் பார்த்தார். புடவை தெரிந்தது, அசையாத தோள் தெரிந்தது.

"அம்மா முகம் எப்படி இருக்கு?"

"நீங்களே பாருங்கப்பா" என்று சொல்லிவிட்டு மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு மூன்று நாள் மனைவி பேசவில்லை. சோறு போட்டார், காலுக்கு எண்ணெய் தேய்த்தார், படியில் இறங்காமல் இருக்கக் கதவைத் தாழிட்டார். வேலை இல்லாத நேரமெல்லாம் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் மதியம் ஜன்னல் வெளிச்சத்தில் நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்தார். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் கை தெரிகிறது என்று நகர்ந்து நகர்ந்து கேட்டார். வலது பக்கம், சற்றுத் தள்ளி, கையை உயரத் தூக்கினால் தெரிந்தது.

"டாக்டர் உனக்குச் சொல்லி எத்தனை நாளு?"

"ரெண்டு வருஷம் ஆகப் போகுது."

"அப்ப உனக்கு என் முகம் தெரிஞ்சுது."

"தெரிஞ்சுது."

"அந்த ரெண்டு வருஷமும் நான் உனக்கு வெங்காய விலை சொல்லிட்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் சண்டை சொல்லிட்டிருந்தேன். தெரிஞ்சிருந்தா வேற சொல்லியிருப்பேனே."

உன் பேச்சைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று சொல்லக் கையைத் தூக்கினார். தூக்கிய கையை அப்படியே மடியில் இறக்கிவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் மதியம், வெயில் அறைக்குள் வரும் ஒன்றரை மணி நேரம், மனைவி பேசினார். சின்ன வயதில் விருந்தாளி வந்தால் கையை ஆட்டி மானத்தை வாங்குகிறாள் என்று பெற்ற தாயே கையைத் துணியால் கட்டிப் போட்டதைச் சொன்னார். மேஸ்திரியின் நடையை மறுபடி நடத்திக் காட்டினார், ஆமை சிரித்தார். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஓடிப் போய்விடலாம் என்று நினைத்ததைச் சொன்னார். "எங்க ஓடறதுன்னு தெரியல, அதான் உன் வீட்டுக்கு வந்தேன்."

ஒரு நாள் முதல் குழந்தையைப் பற்றி ஆரம்பித்தார். எட்டு மாதத்தில் போன குழந்தை. மகள் அதற்குப் பின்னால் பிறந்தவள். முப்பத்திரண்டு வருடமாக அந்தக் குழந்தையைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. தான் வேலையில் இருந்தபோது நடந்தது என்பது மட்டும்தான் ஆமைக்குத் தெரியும்.

கைகள் முதலில் உயரமாகத்தான் இருந்தன. தொட்டில் தெரிந்தது. அடுப்பு தெரிந்தது. நான், முதுகு, இந்தப் பக்கம் திரும்பி என்பது தெரிந்தது. பிறகு கைகள் தாமாகவே தாழ்ந்து, சிறுத்து, நெஞ்சுக்கு நெருக்கமாகப் போயின. அங்கே அவருக்குப் புகை. அவர் பார்வையை இடது பக்கம் தள்ளினார், மேலே ஏற்றினார், கதவு நிலைக்குக் கொண்டுபோனார். விரல்கள் வேகமாக அசைவது தெரிந்தது, என்ன என்று தெரியவில்லை. குழந்தை எவ்வளவு நேரம் அழுதது என்று சொல்கிறாளா, தான் எப்போது திரும்பிப் பார்த்தேன் என்று சொல்கிறாளா. இன்னொரு முறை சொல் என்று கேட்கலாம். அதை எப்படி ஒருத்தியிடம் இன்னொரு முறை சொல்லச் சொல்வது?

கைகள் ஓய்ந்தன. அவர் மெல்லத் தலையாட்டினார்.

சற்றுப் பொறுத்து மனைவி எழுந்தார். அருகில் வந்து முன்னால் குனிந்து, அவர் கண்கள் எங்கே நிற்கின்றன என்று பார்த்தார். அவர் மூச்சு இவர் முகத்தில் பட்டது. எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. பிறகு விலகிப் போய், காய்ந்த துணிகளைக் கொண்டுவந்து மடிக்க உட்கார்ந்தார். தெரிந்ததா என்று அவர் கேட்கவில்லை, என்ன சொன்னாய் என்று ஆமையும் கேட்கவில்லை.

மறுநாள் மதியம் வெயில் வந்ததும் மனைவி நாற்காலியை எப்போதும்போல் போட்டார். முன்னைவிட இரண்டு சாண் தள்ளி உட்கார்ந்து, கைகளைத் தலைக்குமேல் தூக்கி, தன் தங்கை கல்யாணத்தில் நடந்த ஒரு கூத்தைச் சொல்ல ஆரம்பித்தார். ஆமை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.